ட்ரிப் படத்தோட கதையை எங்க எழுதி வைக்கிறது? நோட்டா, வாய்ஸா, இன்ஸ்டாவா, ஃபைலுக்குள்ளயா

ட்ரிப் கிளம்புறதுக்கு முன்னாடி எந்த லென்ஸ் தூக்கிட்டு போறது, 35ஆ 50ஆ, இல்ல போனே போதுமான்னு வாரக்கணக்கா வீடியோ பாக்குறோம். திரும்பி வந்ததும் உக்காந்து எடிட் பண்றோம், நல்லதா நாலு போடுறோம், மிச்சம் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு போயிடுது. சில வருஷம் கழிச்சு அந்த ஃபோல்டரை திறந்தா ஒரு தாத்தா சிரிக்கிறாரு, படம் செம்ம ஷார்ப்பு, லைட்டும் பிரமாதம், ஆனா அவரு யாரு, எந்த ஊரு டீக்கடை, எதுக்கு அப்படி சிரிச்சாருன்னு கேட்டா முழிக்கிறோம். கேமரா எதை வாங்கலாம்னு ஆயிரம் ஒப்பீடு இருக்கு, படத்தோட கதையை எங்க வைக்கலாம்னு ஒப்பிட்டு யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதான் நானே எழுதுறேன். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்துடுங்க.

இந்த கவலை டிஜிட்டல் வந்ததால வந்ததுன்னு நினைக்காதீங்க. 1914லயே கோடக் கம்பெனி ஆட்டோகிராஃபிக்னு ஒரு கேமரா விட்டாங்க, பின்பக்கம் சின்னதா ஒரு கதவு இருக்கும், படம் எடுத்த உடனே அதை திறந்து கூடவே வர்ற உலோகக் குச்சியால "அத்தை வீடு, ஜூலை"ன்னு கிறுக்கிட்டு கதவை கொஞ்ச நேரம் வெளிச்சத்துல காட்டினா போதும், அந்த எழுத்து நெகட்டிவ்லயே ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கிற இடத்துல பதிஞ்சுடும். ஹென்றி கெய்ஸ்மன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, அந்த உரிமையை கோடக் 3 லட்சம் டாலர் குடுத்து வாங்கினாங்க, அந்த காலத்து 3 லட்சம் டாலர்! 1932 வரைக்கும் அதுக்கான ஃபிலிம் வந்துட்டு இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. எழுதுறதுக்கு வசதி இருந்தும் ஜனங்க எழுதலைன்னுதான் எனக்கு தோணுது, மனுஷன் எப்பவும் ஒண்ணுதான்.

சரி, ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணை பிரிச்சு வச்சுக்கணும். எதை நாம எழுதவே வேண்டாம், எதை நாமதான் எழுதணும்? தேதி, நேரம், ஷட்டர், அபர்ச்சர் இதையெல்லாம் கேமராவே படத்து ஃபைலுக்குள்ள இருக்கிற எக்ஸிஃப்ங்கிற தகவல் பகுதியில எழுதிடும், போனா இருந்தா இடத்தையும் ஜிபிஎஸ்ஸோட சேத்து எழுதிடும். அதை சாதாரணமா நினைக்காதீங்க. பாம்பன் பாலம் படம் எல்லார்கிட்டயும் இருக்கும், ரோடு பாலத்து மேல வண்டியை ஓரங்கட்டி நின்னு எடுத்தது. 1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுடுச்சு, பக்கத்துலயே கட்டின புது பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு. அதனால பழைய பாலத்து மேல ரயில் போற படம் உங்ககிட்ட இருந்தா அது இனிமே யாராலயும் எடுக்க முடியாத படம், அந்த தேதியை கேமரா பதிஞ்சு வச்சிருக்கு, நீங்க கவலைப்பட வேண்டாம். (கேமரா கடிகாரம் சரியா இருந்தா. பேட்டரி ரொம்ப நாள் கழட்டி வச்சா கடிகாரம் ரீசெட் ஆயிடும், ட்ரிப்போட முதல் நாள் போன் ஸ்க்ரீன்ல தெரியற மணியை கேமராவுல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, எத்தனை நிமிஷம் முன்னாடி பின்னாடின்னு அப்புறம் கணக்கு போட்டுக்கலாம்.)

கேமராவால முடியாதது என்னன்னா பேரு, உறவு, அவங்க சொன்ன வார்த்தை, அந்த ஃப்ரேமுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு பின்னாடி என்ன நடந்துச்சு. இந்த நாலும்தான் கதை. கீழ சொல்ற ஒவ்வொரு வழியையும் நான் இதை வச்சுத்தான் அளக்குறேன், கூடவே இன்னும் ரெண்டு கேள்வி. பத்து வருஷம் கழிச்சு அந்த குறிப்பு படத்தோடவே ஒட்டிக்கிட்டு இருக்குமா? எழுதுற வேலை எதிர்ல நிக்கிறவங்களை என்ன பண்ணும்?

முதல் வழி, "எல்லாம் ஞாபகத்துல இருக்கும் மச்சி". இருக்காது. ஆனா இதை சும்மா தள்ளிவிட முடியாது, ஏன்னா பெரிய பெரிய ஆளுங்களே இதுலதான் ஓடியிருக்காங்க. 1936ல கலிஃபோர்னியாவுல நிபோமோங்கிற ஊர்ல பட்டாணி பறிக்க வந்தவங்க கூடாரத்துல டொரோத்தியா லேங்கேன்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர் எடுத்த அந்த அம்மா படம் எல்லாரும் பாத்திருப்பீங்க, கன்னத்துல கை வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் குழந்தைங்க முகத்தை திருப்பிக்கிட்டு நிக்கும். அந்த அம்மா பேரை கேக்கலைன்னு லேங்கேயே 1960ல எழுதினாங்க. அந்த அம்மா ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு உலகத்துக்கு தெரிஞ்சது 1978ல, நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதை விட முக்கியம், கார் டயரை வித்துத்தான் சாப்பாடு வாங்கினாங்கன்னு லேங்கே சொன்னதை அந்த குடும்பம் மறுத்துச்சு, நாங்க டயர் எதுவும் விக்கலை, வேற யாரோ கதையை எங்க மேல போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. லேங்கே சோம்பேறி கிடையாது, மத்த இடத்துல ஜனங்க பேசினதை வார்த்தை மாறாம குறிச்சு கேப்ஷனா போட்டவங்க அவங்க. அப்படிப்பட்டவங்களுக்கே ஒரு கூடாரத்துக் கதை இன்னொண்ணோட கலந்திருக்கலாம்னா நமக்கு எம்மாத்திரம்.

ஆஃப்கான் பொண்ணு படமும் இதே கேஸ்தான். ஸ்டீவ் மெக்கரிங்கிற போட்டோகிராஃபர் 1984ல பெஷாவர் பக்கத்து அகதி முகாம்ல எடுத்தது, 1985 ஜூன்ல நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில வந்துச்சு, பச்சைக் கண்ணு, உலகமே பாத்துச்சு, பேரு மட்டும் யாருக்கும் தெரியாது. 2002ல திரும்ப தேடிப் போய்த்தான் ஷர்பத் குலான்னு கண்டுபிடிச்சாங்க, அவங்கதான்னு உறுதி பண்ண கண்ணு கருவிழியை வச்சு ஒப்பிட்டு பாத்தாங்க. எடுத்த அன்னைக்கு கூட இருந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

அடுத்தது இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கேப்ஷன். நம்மள்ல முக்கால்வாசி பேர் இதைத்தான் பண்றோம். இதுல உண்மையிலேயே ஒரு நல்லது இருக்கு, நாலு பேரு படிப்பாங்கன்னு தெரிஞ்சா கொஞ்சமாவது முழு வாக்கியமா எழுதுவோம், அந்த ஊர்க்காரங்க யாராவது வந்து "அது அந்த கோயில் இல்லங்க, பக்கத்து ஊரு"ன்னு திருத்துவாங்க. கெட்டது என்னன்னா படத்துக்கும் கேப்ஷனுக்கும் அங்க மட்டும்தான் சம்பந்தம். இன்ஸ்டாவுல இருந்து படத்தை மட்டும் இறக்கினா கதை கூட வராது, மொத்த அக்கவுன்ட் டேட்டாவை கேட்டு வாங்கினா கேப்ஷன் தனி ஃபைல்ல வரும், அதை யாரு உக்காந்து கோக்குறது. 2200 எழுத்துக்கு மேல போடவும் முடியாது, அது போதும்னு வைங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா எக்ஸிஃப்பையே உரிச்சு எடுத்துடும், டாக்குமென்ட்டா அனுப்பினாதான் தப்பிக்கும், குடும்ப குரூப்ல படம் கேக்குறவங்ககிட்ட இதை ஒரு தடவை சொல்லி வைங்க.

எனக்கு இதுல பெரிய பிரச்சனை வேற. லைக்குக்காக எழுதும்போது கதை இனிப்பாயிடுது. ரோட்டோரம் சோளம் வித்த அம்மா நம்மகிட்ட பத்து ரூபா கூட கேட்டு சண்டை போட்டிருப்பாங்க, அது சுவாரசியமான சண்டை, ஆனா கேப்ஷன்ல அவங்க "வெள்ளந்தி மனுஷி" ஆயிடுவாங்க, எல்லா தாத்தாவும் "அனுபவச் சுருக்கங்கள்" ஆயிடுவாரு. கொஞ்ச வருஷம் கழிச்சு நமக்கே அந்த சண்டை மறந்து போய் வெள்ளந்திதான் மிச்சம் இருக்கும். அதனால இன்ஸ்டாவை நான் கடைக்கு வெளிய வைக்கிற போர்டு மாதிரிதான் பாக்குறேன், கணக்கு நோட்டு வேற எங்கயாவது இருக்கணும்.

நோட்டு. பாக்கெட் சைஸ், பால் பாயின்ட் பேனா, பேட்டரி கிடையாது, மழையில நனைஞ்சா காய வச்சுக்கலாம். எழுதும்போதே மூளை எது முக்கியம்னு பொறுக்கிடுது, ஒரு மணி நேர பேச்சு மூணு வரியா சுருங்கிடும், அந்த மூணு வரி பெரும்பாலும் சரியான மூணு வரியா இருக்கும். கஷ்டம் என்னன்னா அது எதிர்ல நிக்கிறவங்களை மாத்திடும். ராமேஸ்வரம் பக்கம் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க கிட்ட பேசிட்டு இருந்தேன், ஒரு அக்கா கரையில உக்காந்து பழைய சேலை கிழிசலை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா சுத்திட்டு இருந்தாங்க, நுனியை பல்லால கடிச்சு இழுத்து முடிச்சு போடுவாங்க, கட்டை விரலுக்கு மட்டும் ரெண்டு சுத்து. கேட்டா பேசினாங்க, பாறையும் பவளமும் கையை கிழிச்சுடும், மரிக்கொழுந்து பாசி பாறையை இறுக்கி புடிச்சுக்கிட்டு இருக்கும், பிடுங்கணும்னா விரலை உள்ள விடணும்னாங்க. எல்லாம் நல்லா போயிட்டு இருந்துச்சு, நான் நோட்டை எடுத்தேன். உடனே, "எதுக்கு தம்பி எழுதுறீக? ஃபாரஸ்டா?"

அவங்க கேட்டது நியாயம். மன்னார் வளைகுடா 1986ல தேசிய பூங்காவா ஆனது, அதுல 21 தீவு, அங்க போறதுக்கு கட்டுப்பாடு, பாசி எடுக்கப் போறவங்களுக்கும் வனத்துறைக்கும் நடுவுல ரொம்ப வருஷமா இழுபறி. பேனாவோட ஒருத்தன் வந்தா ஒண்ணு கணக்கெடுக்க வந்திருக்கான், இல்ல கேஸ் எழுத வந்திருக்கான். நோட்டை மடக்கி வச்ச அப்புறம்தான் மறுபடி பேச்சு வந்துச்சு, மாசத்துல 12 நாள்தான் போறது, நாங்களே பேசி வச்சுக்கிட்ட கட்டுப்பாடு, பாசி வளரணும்ல, அப்படின்னு. அதனால நோட்டை வேண்டாம்னு சொல்லலை, ஆளு முன்னாடி எடுக்காதீங்க, பஸ்ல ஏறி உக்காந்த உடனே எழுதுங்க. அட்ரஸ் வாங்க மட்டும் நோட்டை அவங்க கையிலயே குடுத்துடுங்க, அவங்களே எழுதட்டும், அவங்க எழுத்துல அவங்க பேரு இருக்கும், அதுவும் படத்துக்கு சமானம்தான்.

இதோட ஒட்டிக்கிட்டு வர்ற இலவச வழி ஒண்ணு இருக்கு, யாரும் பண்றதில்ல. ஆளை எடுத்த உடனே பக்கத்துல இருக்கிற போர்டை ஒண்ணு எடுங்க, கடை பேரு, பஸ் போர்டு, ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் பலகை, டிக்கெட், ஹோட்டல் பில்லு. அழகா இருக்க வேண்டாம், படிக்க முடிஞ்சா போதும். ஃபோல்டர்ல பக்கத்து பக்கத்துலயே நிக்கும், பாதி கதை அதுலயே கிடைச்சுடும்.

இப்ப வாய்ஸ், என்னோட கட்சி இதுதான்னு முன்னாடியே சொல்லிடுறேன். போன்ல இருக்கிற சாதாரண ரெக்கார்டரே போதும், படம் எடுத்துட்டு பத்தடி நடந்து போய் யாருக்கோ வாய்ஸ் நோட்டு அனுப்புற மாதிரி பேசிடுங்க, ஊருல யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, இப்ப எல்லாரும் அப்படித்தானே நடக்குறாங்க. எழுதினா மூணு வரி, பேசினா ஒரு நிமிஷத்துல முப்பது வரி. பெரிய பத்திரிகை போட்டோகிராஃபருங்க இதை ரொம்ப நாளா பண்றாங்க, கேனான் 1டி வரிசை, நிக்கான் இசட்9 மாதிரி பாடியில வாய்ஸ் மெமோவே இருக்கு, பட்டனை அமுக்கி பேசினா படத்தோட அதே நம்பர்ல ஒரு ஆடியோ ஃபைல் கார்டுல உக்காந்துடும். நம்ம பட்ஜெட்டுக்கு போன் போதும், "இப்ப எடுத்த படம் 4182"ன்னு நம்பரை சொல்லிட்டு ஆரம்பிச்சா அதே வேலைதான்.

ஒரு உதாரணம் சொன்னா புரியும். ஊட்டி மலை ரயில்ல ஒரு படம் இருக்கு, ட்ரெய்னோட முன்பக்கம், இஞ்சினே இல்ல, பெட்டியோட முன்னாடி சின்ன திண்ணையில ஒருத்தர் பச்சைக் கொடியோட நிக்கிறாரு, அவருக்கு பின்னாடி கண்ணாடி வழியா நாலு பசங்க மூக்கை அழுத்திக்கிட்டு சிரிச்சபடி எட்டிப் பாக்குறாங்க. ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க நிறுத்தினப்ப கேட்டேன், "அண்ணே, இஞ்சின் எங்கண்ணே?" "பின்னாடி தள்ளிட்டு வருது தம்பி, ஏத்தத்துல எப்பவும் கீழ் பக்கம்தான் இருக்கும்"னாரு. அவரு பிரேக்ஸ்மேன், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருத்தர், முன்னாடி இருக்கிறவருக்குத்தான் தண்டவாளம் தெரியும், அவரு கொடி காட்டினா அடுத்த பெட்டிக்காரர் பாத்து காட்டுவாரு, அப்படியே கை மாறி கை மாறி பின்னாடி டிரைவருக்கு போகும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுத் தண்டவாளத்துல பல் இருக்கும், 12 அடி போனா 1 அடி ஏறுற அளவுக்கு ஏத்தம், ஆசியாவுலயே இவ்வளவு செங்குத்தா ஏறுற ரயில் பாதை ரொம்ப அபூர்வம். இதையெல்லாம் நான் இப்ப நெட்டுல பாத்து எழுதலாம். ஆனா ரெக்கார்டிங்ல அவரு சொல்றதுக்கு நடுவுல நீராவி சீறுற சத்தம் இருக்கு, ஒரு குரங்கு யாரோட முறுக்கு பாக்கெட்டையோ பிடுங்கி ஒரு அம்மா கத்துறாங்க, அவரு பேச்சை நிறுத்திட்டு "பையை உள்ள வைங்கம்மா"ன்னு அதட்டுறாரு. அதை எந்த நோட்டுலயும் எழுதியிருக்க மாட்டேன்.

அவரோட குரலையே பதியறதா இருந்தா கேட்டுட்டு பதியுங்க, போனை மேல எடுத்து காட்டிட்டு "அண்ணே பதிஞ்சுக்கவா"ன்னா முடிஞ்சுது. கடற்கரையில காத்து மைக்ல அடிச்சு எல்லாம் போயிடும், போனோட கீழ் பக்கத்தை உள்ளங்கையால மூடி பேசினா கொஞ்சம் தப்பிக்கும்.

வாய்ஸோட எமன் என்னன்னா யாரும் திருப்பி கேக்கிறதில்ல. "நியூ ரெக்கார்டிங் 37"ன்னு பேரோட போன்லயே கிடந்து, போன் மாத்தும்போது அங்கயே போயிடும். அதனால வாய்ஸ் இருக்கிற இடம் கடைசி இடம் இல்ல, ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்குள்ள எழுத்தா மாத்தணும். இப்ப கூகுள் கீபோர்டுல தமிழ்லயே பேசினா டைப் ஆகுது, ஊர்ப் பேரு, பட்டப் பேரு எல்லாம் கன்னாபின்னான்னு வரும், திருத்திக்கணும், ஆனா மொத்தமா கையால அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

எழுத்தா மாத்தி எங்க வைக்கிறது? இங்கதான் ஃபைலுக்குள்ளயே எழுதுற வழி வருது, கொஞ்சம் டெக்னிக்கல், தாண்டிப் போயிடாதீங்க. ஒவ்வொரு ஜேபெக் ஃபைலுக்குள்ளயும் கேப்ஷன் எழுத இடம் இருக்கு, ஐபிடிசின்னு பத்திரிகைக்காரங்களுக்காக வந்த பழைய முறை ஒண்ணு, எக்ஸ்எம்பின்னு அடோபி 2001ல கொண்டு வந்த புது முறை ஒண்ணு. லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கேப்ஷன்னு ஒரு கட்டம் இருக்கும், அதேதான். காசு குடுக்க இஷ்டம் இல்லைன்னா டிஜிகாம் இலவசம், அடோபி பிரிட்ஜும் இலவசம், கமாண்ட் அடிக்கிற ஆளுங்களுக்கு எக்ஸிஃப்டூல் இருக்கு. இதுல எழுதினா படத்தை எந்த டிஸ்க்குக்கு மாத்தினாலும், பென் டிரைவ்ல தங்கச்சிக்கு குடுத்தாலும் கதை உள்ளயே போகும், ஆப் மூடிட்டாங்க, கம்பெனி போயிடுச்சுங்கிற பயம் இல்ல. எந்த வழியிலயும் இல்லாத பலம் இது.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு மட்டும் ஒரு தலைவலி. பழைய ஐபிடிசி கேப்ஷன்ல 2000 பைட்டுதான் இடம், இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட்டு, தமிழ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட்டு, "கொ"ங்கிறது கம்ப்யூட்டருக்கு "க"வும் கொம்பும் தனித்தனி, ஆறு பைட்டு. ஆக பெரிய கேப்ஷன் எழுதினா நடுவுல வெட்டிடும். சில பழைய சாஃப்ட்வேர்ல தமிழே வெறும் கேள்விக்குறியா தெரியும். எக்ஸ்எம்பியில இந்த தொல்லை கிடையாது, அதனால மொத்தமா எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படத்துல நல்ல நீளமா தமிழ்ல எழுதி, சேவ் பண்ணி, வேற ஒரு சாஃப்ட்வேர்ல திறந்து பாருங்க, முழுசா தெரிஞ்சா தைரியமா போகலாம். ரா ஃபைல்ல (கேமரா எடிட் பண்ணாம அப்படியே குடுக்கிற ஃபைல்) எடுக்கிறவங்களுக்கு கேப்ஷன் பக்கத்துல தனியா ஒரு எக்ஸ்எம்பி குட்டி ஃபைலா நிக்கும், படத்தை மட்டும் காப்பி பண்ணிட்டு குட்டியை விட்டுட்டா போச்சு, ரெண்டையும் சேத்தே நகத்துங்க.

கூகுள் போட்டோஸ்ல படத்தை மேல இழுத்தா விளக்கம் எழுதலாமே, அது போதாதான்னு கேப்பீங்க. தேடுறதுக்கு அருமை, "முறுக்கு"ன்னு அடிச்சா அந்த மலை ரயில் படம் வந்து நிக்கும். ஆனா அந்த விளக்கம் படத்துக்குள்ள போகாது, கூகுள்கிட்டதான் இருக்கும், டேக்அவுட்ங்கிற கூகுள் வசதியில எல்லாத்தையும் இறக்கினா ஒவ்வொரு படத்துக்கும் தனியா ஜேசன்னு ஒரு எழுத்து ஃபைல்ல வரும். அளவில்லாம இலவசமா ஏத்தலாம்னு இருந்த சலுகையையும் 2021 ஜூன்ல நிறுத்தினாங்க, இப்ப எல்லாத்துக்கும் சேத்து 15 ஜிபி. ஐபோன்ல ஐஓஎஸ் 14ல இருந்து கேப்ஷன் வந்துச்சு, மேக்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது கேப்ஷனையும் சேருன்னு டிக் போட்டா உள்ள எழுதித் தரும். அம்மா அப்பாவோட கோயில் டூர் போயிட்டு வர்றவங்களுக்கு இது போதும், டிஜிகாம் எல்லாம் சொல்லி அவங்களை ஓட விடாதீங்க.

பிரிண்ட் பத்தி கொஞ்சமாத்தான் சொல்லணும், ஏன்னா அதுக்கு வாதமே வேண்டாம், இன்னும் நம்ம வீட்ல தாத்தா கல்யாணப் படம் பொழைச்சு கிடக்கிறது பேப்பராலதான். பின்பக்கம் எழுதும்போது பால் பாயின்ட்டை அழுத்தினா முன்பக்கம் முகத்துல வரி விழுந்துடும். இப்ப லேப்ல போடுற பேப்பர் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் சரியா ஏறாது, சாதாரண இங்க் ஈஷிடும், நுனி மெல்லிசான பெர்மனன்ட் பேனாவால ஓரத்துல எழுதி நல்லா காய விட்டு அடுக்குங்க. போட்டோபுக்கும் நல்லதுதான், எழுதியே ஆகணும்ங்கிற கட்டாயம் வரும்.

எடுத்த உடனே படத்தை கார்டா துப்புற குட்டி கேமரா, இன்ஸ்டாக்ஸ் மினி, அது தனி கதை. ஒரு ஷீட்டுக்கு 50 ரூபா பக்கம் ஆகும், படம் வெறும் 62க்கு 46 மில்லிமீட்டர், வெயில்ல எடுத்தா வானம் வெளுத்துப் போகும், போட்டோவா பாத்தா சுமார்தான். ஆனா ட்ரிப்ல எல்லாரும் நம்மகிட்ட சொல்ற ஒரே வசனம் என்ன, "எடுத்துட்டு போறீங்க, எங்களுக்கு அனுப்பவா போறீங்க". அதுக்கு இது ஒண்ணுதான் பதில். கையில குடுத்து, கீழ இருக்கிற வெள்ளைப் பட்டையில உங்க பேரு எழுதுங்கன்னு பேனாவை நீட்டுங்க, எழுதத் தெரியாதவங்க பேத்தியை கூப்பிடுவாங்க, பேத்தி பெரிய எழுத்தா எழுதி பக்கத்துல ஒரு பூ போடும். அந்த கார்டை அவங்க கையோட வச்சு மெயின் கேமராவுல ஒரு படம் எடுத்துக்கோங்க. கார்டு அவங்களுக்கு, பேரு உங்களுக்கு. நோட்டைப் பாத்து பயந்தவங்க கூட இதுக்கு பயப்படலை.

இப்ப முடிவு என்னன்னா, எல்லாருக்கும் ஒண்ணே சரியா வராது. தனியா, நிதானமா, ஆளுங்களோட பேசுறதுக்காகவே போறவங்களா இருந்தா ஸ்பாட்ல வாய்ஸ், வீட்டுக்கு வந்து ஃபைலுக்குள்ள கேப்ஷன், இதுதான் என் ஓட்டு, அதுவும் எல்லா படத்துக்கும் இல்ல, ஆயிரம் எடுத்தா அதுல தேறுற முப்பதுக்கு மட்டும். பைக்ல சுத்துறவங்க, நிக்க நேரம் இல்லாதவங்க போர்டு படத்தோட நிறுத்திக்கலாம், அதுவே பாதி கிணறு. பேமிலி டூருக்கு கூகுளோ ஐபோனோ போதும். எழுதுறதுல ருசி இருக்கிறவங்க நோட்டு வச்சுக்கோங்க, ஆனா பக்கத்தை போன்ல ஸ்கேன் பண்ணி அந்த ட்ரிப் ஃபோல்டர்லயே போட்டுடுங்க, தனியா அலமாரியில இருந்தா படத்தோட சேராது. இன்ஸ்டா வேணும்னா கடைசியா, ஃபைல்ல எழுதினதுல இருந்து எடுத்து போடுங்க, நேரா இன்ஸ்டாவுல எழுத ஆரம்பிக்காதீங்க, வெள்ளந்தி வந்துடும்.

கேப்ஷன் எழுதறதுக்கு ஃபார்மட் எல்லாம் வேண்டாம். யாரு, எங்க, என்ன பண்றாங்க, என்ன சொன்னாங்க, ஃப்ரேமுக்கு வெளிய என்ன இருந்துச்சு, இது வந்தா போதும். பிரேக்ஸ்மேன் படத்துல நான் எழுதினது, "ஹில்குரோவ், தண்ணி நிறுத்தம். முன் பெட்டி பிரேக்ஸ்மேன். இஞ்சின் பின்னாடி. கொடி பெட்டி பெட்டியா பின்னாடி போகும்னு சொன்னாரு. வலது பக்கம் ஃப்ரேமுக்கு வெளிய குரங்கு முறுக்கு பிடுங்குது, பசங்க சிரிக்கிறது அதுக்குத்தான்." கடைசி வரி இல்லைன்னா கேமராவைப் பாத்து சிரிக்கிறாங்கன்னு பின்னாடி நானே நினைச்சிருப்பேன்.

இன்னொண்ணு, ஃபைலுக்குள்ள எழுதுற வழியை எடுத்தா அதோட ஆபத்தையும் சேத்துத்தான் எடுக்கணும். உள்ள இருக்கிற கதை போற இடமெல்லாம் போகும், ஜிபிஎஸ்ஸும் போகும். குழந்தைங்க படம், ஸ்கூல் வாசல், யாரோட வேலை சட்டத்தோட ஓரத்துல நிக்குதோ அவங்க படம், இதையெல்லாம் பொதுவுல போடும்போது எக்ஸ்போர்ட்ல இடத்தை எடுத்துடுங்க, லைட்ரூம்ல அதுக்கு தனி டிக் இருக்கு, ஐபோன்ல ஷேர் பண்ணும்போது மேல ஆப்ஷன்ஸ்ல லொக்கேஷனை அணைக்கலாம். ஒரிஜினல் ஒண்ணு எல்லா விவரத்தோடவும் வீட்ல, வெளிய போற காப்பி தனி. பாசி எடுக்கிற அக்கா படம் நான் வெளிய குடுக்கும்போது ராமநாதபுரம் கடற்கரைன்னு மட்டும்தான் இருக்கும், எந்தத் தீவுப் பக்கம்னு கிடையாது, படத்துல துணி சுத்தின கை மட்டும்தான், முகம் இல்ல. பேரு என்னோட ஒரிஜினல்ல கூட இல்ல, எழுதாதன்னு அவங்க சொல்லிட்டாங்க.